எந்த பிராஞ்ச் எடுத்தால் வேலை? கணிப்பு பொய்த்த பிறகு கையில் என்ன இருக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை தமிழ்நாட்டு வீடுகளில் ஓயாமல் ஓடும் பேச்சு, "எந்த பிராஞ்ச் எடுத்தா வேலை கிடைக்கும்?" என்பதுதான். வங்கியில் இருக்கும் பெரியப்பா ஒன்று சொல்வார். சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் வேறொன்று சொல்வார். யூடியூபில் கட் ஆஃப் அலசுபவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். மூன்று பேரும் இன்றைக்கு இருக்கிற சந்தையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். பிள்ளை வேலை தேடி வெளியே வருவதோ நான்கு ஆண்டு கழித்து. அந்த நான்கு ஆண்டில் என்னென்ன நடக்கலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை, நம் ஊர் வரலாறே போதும்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தது. அடுத்த ஆண்டு இங்கே கேம்பஸில் தேர்வான பிள்ளைகள் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதைப் பார்த்த வீடுகள் "இனிமேல் ஐடி வேண்டாம், மெக்கானிக்கல், சிவில் மாதிரி கோர் பிராஞ்ச்தான் நிரந்தரம்" என்று முடிவெடுத்தன. 2010களின் நடுவில் கலந்தாய்வில் மெக்கானிக்கல்தான் ராஜா. அந்த அலையில் 2014-ல் சேர்ந்தவர் 2018-ல் பட்டம் வாங்கினார். 2019-ல் வாகன விற்பனை படுத்தது. அந்த செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை அரை மாதத்துக்கு மேல் வேலையில்லா நாள் அறிவித்தது. உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனிகளின் நிலைமையைச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் கொரோனா வந்தது. உலகமே ஆன்லைனுக்கு மாற, ஐடி கம்பெனிகள் ஆள் எடுத்த வேகம் அதுவரை யாரும் பார்க்காதது. 2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் மட்டும் சுமார் ஒரு லட்சம் புதுப் பட்டதாரிகளைச் சேர்த்தது. உடனே கலந்தாய்வில் கம்ப்யூட்டர் சயின்சும் அதன் கிளைப் படிப்புகளும்தான் முதலில் தீர்ந்தன. அப்படி 2021-ல் சேர்ந்த பிள்ளை 2025-ல் வெளியே வந்தது. அந்த ஜூலையில் அதே டிசிஎஸ், தன் ஊழியர்களில் சுமார் 2%, அதாவது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது.

இது வெறும் துரதிர்ஷ்டம் என்று தோன்றலாம். ஆனால் இதற்குப் பொருளியலில் பழைய விளக்கம் ஒன்று இருக்கிறது. தக்காளி கிலோ நூறு ரூபாய்க்கு விற்றால், ஒட்டன்சத்திரம் பக்கம் எல்லோரும் தக்காளி போடுவார்கள். மூன்று மாதம் கழித்து எல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும், விலை இரண்டு ரூபாய்க்கு இறங்கும், சாலையோரம் கொட்டுவார்கள். அடுத்த போகம் யாரும் போடமாட்டார்கள், விலை மறுபடி ஏறும். பொருளியலாளர்கள் இதைச் சிலந்திவலைச் சுழற்சி என்பார்கள், வரைபடத்தில் போட்டால் கோடுகள் அப்படித்தான் சுற்றும். அமெரிக்கப் பொறியாளர்களின் சம்பளத்தையும் கல்லூரிச் சேர்க்கையையும் வைத்துப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976-ல் இதே சுழற்சியைக் காட்டினார். இன்றைய சம்பளத்தைப் பார்த்துக் கூட்டம் சேர்கிறது, கூட்டம் மொத்தமாக வெளியே வரும்போது சம்பளம் விழுகிறது.

விவசாயி மூன்று மாதத்தில் பாடம் படித்துவிடுவார். பொறியியல் மாணவருக்கு அது நான்கு ஆண்டு, கூடவே கல்விக் கடன். கல்லூரிகளும் விவசாயியைப் போலவேதான் நடக்கின்றன. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்று இருந்த உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ 2024-25-லிருந்து எடுத்துவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவைப் பெருக்கிக்கொண்டே போக, சிவிலும் மெக்கானிக்கலும் வாத்தியாரே இல்லாமல் சுருங்குகின்றன. நான்கு ஆண்டு கழித்து நல்ல சிவில் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனிகள் புலம்பினால் ஆச்சரியப்பட மாட்டேன். அதற்காக "அப்ப சிவில் எடு" என்று சொல்லவும் மாட்டேன். கூட்டத்துக்கு எதிராகப் போனால் எப்போதும் ஜெயிக்கலாம் என்பதும் ஒரு கணிப்புதானே!

சரி, பெரிய நிபுணர்களைக் கேட்டால்? 2016-ல் ஜெஃப்ரி ஹின்டன், இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், ரேடியாலஜி மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து ஆண்டில் இயந்திரம் அவர்களைவிட நன்றாக ஸ்கேன் படிக்கும் என்பது அவர் கணக்கு. அந்த ஐந்து ஆண்டு முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. பல நாடுகளில் இன்னும் ரேடியாலஜிஸ்ட் பற்றாக்குறைதான். 2018-ல் டியூரிங் விருதும் 2024-ல் நோபல் பரிசும் வாங்கிய மனிதர் அவர். தொழில்நுட்பத்தைப் பற்றி அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை, படம் படிப்பதில் இயந்திரம் உண்மையிலேயே நன்றாக முன்னேறியது. அவர் சறுக்கியது தொழிலைப் பற்றிச் சொன்ன இடத்தில்.

ரேடியாலஜிஸ்ட் நாள் முழுக்கப் படம் மட்டுமே பார்ப்பதில்லை. எந்த நோயாளிக்கு எந்த ஸ்கேன் தேவை என்று முடிவு செய்கிறார், பழைய ஸ்கேனோடு ஒப்பிடுகிறார், அறுவை சிகிச்சை செய்பவரோடு பேசுகிறார், ஊசி வைத்துத் திசு எடுக்கிறார், கடைசியில் கையெழுத்துப் போட்டுச் சட்டப்பூர்வப் பொறுப்பை ஏற்கிறார். இதில் ஒரு வேலை மலிவானதும் ஸ்கேன்களின் எண்ணிக்கை கூடியது, மற்ற வேலைகளும் கூடவே பெருகின. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 2013-ல் சொன்ன, அமெரிக்க வேலைகளில் 47% ஆபத்தில் இருக்கிறது என்ற புகழ்பெற்ற எண்ணையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அது தொழில்நுட்ப ரீதியில் எவ்வளவு முடியும் என்ற மதிப்பீடு. எத்தனை பேருக்கு வேலை போகும் என்ற கணக்காக அதைப் படித்தவர்கள்தான் அதிகம்.

நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். ஒரு காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் லோயர், ஹையர், ஷார்ட்ஹேண்ட் என்று போவது வேலைக்கான ராஜபாட்டை. இயந்திரம் காலாவதி ஆனது. ஆனால் தமிழ் டைப் அடிக்கத் தெரிந்த விரல்கள், கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் டிடிபி சென்டருக்குப் போயின, அங்கிருந்து பத்திரிகை அலுவலகத்துக்கும், பத்திரம் எழுதும் கடைக்கும், டேட்டா என்ட்ரிக்கும் போயின. ஆனால் எல்லோரும் போகவில்லை. அந்த இயந்திரத்தின் ரிப்பனையும் ரோலரையும் பழுது பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. ஒரே மாற்றம்தான், ஒருவருக்குப் பக்கத்துத் தெருவில் வேலை இருந்தது, மற்றவருக்கு இல்லை.

ஆகவே எந்தத் துறை வெல்லும் என்று ஊகிப்பதில் செலவிடும் புத்தியைக் கொஞ்சம் திருப்பி, என் ஊகம் தப்பினால் இங்கிருந்து வேறு இடத்துக்குப் போக எனக்கு என்ன செலவாகும் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பணச் செலவு மட்டும் இல்லை. வயது, ஊர், குடும்பம், கடன், கையில் இருக்கும் வித்தை எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

2018-ல் வந்த மெக்கானிக்கல் பட்டதாரிகளையே எடுத்துக்கொள்வோம். அவர்களில் கணிசமானவர்கள் நேராக ஐடிக்குப் போனார்கள். "எனி பிராஞ்ச், நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்" என்று அறிவித்து வந்த கம்பெனிகள் மூன்று நான்கு மாதப் பயிற்சி கொடுத்து ஜாவா எழுத வைத்தன. 21 வயதில், கடன் அதிகம் இல்லாமல், ஹாஸ்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில், தவறான பிராஞ்ச் என்பது பெரிய தண்டனையாக இல்லை. அதே திருப்பத்தை 34 வயதில் எடுக்கச் சொன்னால் கதை வேறு.

அடி மூன்று வகை

வேலை போவதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவது, சுழற்சி. 2009-ல் ஐடிக்கு வந்தது, 2019-ல் வாகனத் துறைக்கு வந்தது எல்லாம் இந்த ரகம். ஓரிரு ஆண்டில் திரும்பிவிடும், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். இரண்டாவது, தொழிலே உருமாறுவது. மூன்றாவது, தொழில் நன்றாக இருக்கும், நம் கம்பெனி மட்டும் விழும். பலரும் மூன்றாவதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடியாகவே எட்டாயிரம் பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த இளம் பெண்களும் பையன்களும். கம்பெனி பஸ் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்கள்வரை போய் ஏற்றிவரும். அந்தப் பக்கத்தில் பெண் பார்க்கப் போகும் வீட்டில் "நோக்கியாவில் வேலை" என்றால் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கியிருந்த இந்த ஆலையை மட்டும் வாங்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. அதை நம்பி அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே நிறுத்தியது.

கவனிக்க வேண்டியது, அந்த நேரத்தில் இந்தியாவில் செல்போன் விற்பனை ஏறுமுகத்தில் இருந்தது. தொழில் சாகவில்லை. சில ஆண்டில் ஃபாக்ஸ்கான் அதே வட்டாரத்தில் ஐபோன் செய்யத் தொடங்கியது, மூடிய நோக்கியா ஆலையை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்தது. "எலக்ட்ரானிக்ஸில் எதிர்காலம் இருக்கிறது" என்று 2008-ல் ஒருவர் கணித்திருந்தால் அந்தக் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 2014-ல் வீட்டுக்குப் போன 26 வயதுப் பெண், தொழில் திரும்பி வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். லைனில் நிற்க இந்த ஆலைகள் விரும்பி எடுப்பது பதினெட்டிலிருந்து இருபதுகளின் நடுவரை உள்ளவர்களை. சரியான துறையைத் தேர்ந்தெடுத்தும் அவருக்குப் பயனில்லாமல் போனது. சர்க்யூட் போர்டு லைனில் அவர் செய்தது ஒரே ஒரு நிலையத்து வேலை. அடுத்த கம்பெனி அதற்காகக் கூடுதல் சம்பளம் தரப்போவதில்லை.

இதே இடத்தில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவரைப் பாருங்கள். இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி எனும் சிறு கட்டுப்பாட்டுக் கணினியை புரோகிராம் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர். அவருக்கு போன் கம்பெனியும் ஒன்றுதான், பிஸ்கட் கம்பெனியும் ஒன்றுதான். கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில், ஒரகடம் கார் ஆலை, குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று எங்கே போனாலும் அந்தப் பெட்டி இருக்கும். டிப்ளமோ படித்த அந்த ஆளின் எதிர்காலம், ஒரே வாடிக்கையாளரின் ஒரே உள் மென்பொருளை எட்டு ஆண்டு பராமரித்த பொறியாளரின் எதிர்காலத்தைவிடப் பத்திரமானது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

1960களில் பொருளியலாளர் கேரி பெக்கர் இதை ஒழுங்காகப் பிரித்துச் சொன்னார். ஒரு கம்பெனிக்குள் மட்டும் பயன்படும் திறமை ஒன்று, எங்கே போனாலும் பயன்படும் திறமை இன்னொன்று. முதல் வகைக்குக் கம்பெனி சந்தோஷமாகச் செலவு செய்யும், ஏனென்றால் கற்றுக்கொண்டவர் வெளியே போய் விலை பேச முடியாது. இரண்டாவது வகைக்குக் கையை விரிக்கும், அல்லது இத்தனை ஆண்டு விலக மாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கும். அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிரெய்னிங்கில் உட்காரும்போதெல்லாம் இது எந்த வகை என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. பொதுத் திறமைக்கு நம் சொந்தப் பணமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் போக வேண்டியிருக்கும். அதற்காக கோர்ஸ் மேல் கோர்ஸ் வாங்கிக் குவிப்பதையும் நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் அந்த சர்டிஃபிகேட் லிங்க்ட்இன்னில் தொங்குவதோடு சரி.

பல இடம் போகும் திறமை என்றால் ஏதோ புதுத் தொழில்நுட்பம் என்று நினைக்க வேண்டாம். வங்கி மென்பொருளில் வேலை செய்தவருக்கு வட்டி எப்படிக் கணக்காகிறது, காசோலை கிளியரிங் எப்படி நடக்கிறது, ரிசர்வ் வங்கி என்ன அறிக்கை கேட்கிறது என்பதெல்லாம் தெரிந்திருந்தால், கணினி மொழி எத்தனை முறை மாறினாலும் அவருக்கு இடம் இருக்கும். ஐடியில் அதை டொமைன் என்பார்கள். குழப்பமான ஒரு பிரச்சினையை அரைப் பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரிவது, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரோடு பேசத் தெரிவது, கணக்கில் இடிக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பது எல்லாமே இந்தப் பட்டியலில் வரும்.

ஐடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இப்போது பயம் அங்கேதான் இருக்கிறது. நம் ஐடி சேவைக் கம்பெனிகளின் அமைப்பு ஒரு பிரமிட். அடியில் ஏராளமான புதியவர்கள், மேலே சில மூத்தவர்கள். வாடிக்கையாளரிடம் ஆள் கணக்கில், மணிக் கணக்கில் பில் போடுவார்கள். அடியில் சம்பளம் குறைவு என்பதால்தான் லாபம். புதியவர்களின் ஆரம்பச் சம்பளம் பத்துப் பதினைந்து ஆண்டாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பதற்கும் இதுதான் காரணம். வருஷா வருஷம் லட்சக்கணக்கில் ஆள் கிடைக்கும்போது யார் கூட்டித் தருவார்கள்? இப்போது குறியீடு எழுதுவதில் பாதியை ஏஐ செய்கிறது என்றால் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, "அப்படியானால் பில்லைக் குறைக்கலாமே?" அடி விழுவது பிரமிடின் அடித்தட்டில்.

அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்விலும் இந்தக் கோணம் தெரிகிறது. ஏஐ எளிதாகச் செய்யக்கூடிய தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13% சரிந்திருந்தது. அதே தொழிலில் அனுபவசாலிகளுக்கு அப்படி இல்லை. காரணம் ஏஐயா, வட்டி விகிதமா என்று பொருளியலாளர்களிடையே இன்னும் சண்டை நடக்கிறது. எதுவானாலும் படிக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு செய்தி உண்டு: முதல் வேலையில் சேர்ந்து அங்கே கற்றுக்கொள்ளலாம் என்று நம்பியிருந்த வேலையைக் கல்லூரியிலேயே ஒருமுறையாவது முழுதாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். கடைசி ஆண்டு புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் முன்பு வெறும் ஏமாற்று வேலையாக இருந்தது, இனி அது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது.

மோசமான ஆண்டில் பட்டம் வாங்கியவர் என்ன செய்வது? இதற்குக் கனடாவில் நல்ல ஆய்வு இருக்கிறது. பொருளியலாளர் ஓரியோபௌலோஸும் சகாக்களும் 2012-ல் வெளியிட்டார்கள். பொருளாதார மந்தத்தில் வெளியே வந்தவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9% குறைவாக இருந்தது, ஐந்து ஆண்டில் அந்த இடைவெளி பாதியானது, பத்து ஆண்டில் ஏறக்குறைய மறைந்தது. எப்படி மறைந்தது என்பதுதான் முக்கியம். முதலில் கிடைத்த சுமாரான கம்பெனியிலிருந்து நல்ல கம்பெனிக்குத் தாவித் தாவி மேலே வந்தார்கள். தாவ முடியாதவர்கள், குறிப்பாகச் சம்பளம் குறைந்த படிப்பும் கல்லூரியும் உள்ளவர்கள், அந்த இழப்பை நெடுங்காலம் சுமந்தார்கள். ஆக, கெட்ட காலத்தில் கிடைத்த முதல் வேலையில் விசுவாசமாக உட்கார்ந்துவிடுவது நல்ல திட்டம் இல்லை. பாண்டும் 90 நாள் நோட்டீஸ் பீரியடும் இங்கே ஏன் அவ்வளவு கசக்கின்றன என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்க்கிற கண் அந்த இரண்டு வரிகளையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் ஒரே பக்கம்

சென்னையில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி இருவருக்கும் 33 வயது, இருவரும் ஐடி. நாவலூரில் ஃபிளாட், 40 லட்சம் கடன், 20 ஆண்டு, வட்டி 8.5% என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். இரண்டு சம்பளத்தில் அது பெரிய பாரம் இல்லை. ஆனால் உற்றுப் பார்த்தால், இவருடைய வேலை, அவருடைய வேலை, அந்த ஃபிளாட்டின் விலை, அதை விட்டால் கிடைக்கும் வாடகை, கம்பெனி கொடுத்த பங்குகள் எல்லாமே நாவலூர் வழியே போகும் ஐடி சாலையான ஓஎம்ஆரில் ஐடி நன்றாக இருப்பதை நம்பி நிற்கின்றன. ஐடி சரியும்போது வேலையும் போகும், வீட்டை விற்கவும் ஆள் வராது, பங்கும் இறங்கியிருக்கும். இந்தக் குடும்பம் ஐந்து இடத்தில் முதலீடு செய்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பணம் போயிருப்பது ஒரே இடத்துக்கு.

நம் தாத்தா பாட்டி இதில் கெட்டிக்காரர்கள். ஒரு பையன் நிலத்தில், ஒருவன் வாத்தியார், ஒருவன் பட்டாளத்தில், மருமகள் வீட்டில் கடை. யாரும் போர்ட்ஃபோலியோ என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இன்று கணவன் மனைவி ஒரே துறையில் இருப்பது சகஜம், அதை மாற்றச் சொல்வது அபத்தம். மற்ற மூன்றையாவது மாற்றலாம். கம்பெனிப் பங்கு கைக்கு வந்ததும் விற்று வேறு இடத்தில் போடலாம். தவணையை ஒரு சம்பளத்தில் கட்டக்கூடிய அளவில் வைத்துக்கொள்ளலாம். வங்கி இரண்டு சம்பளத்தையும் கூட்டித்தான் கடன் தகுதியைச் சொல்லும், அதை வங்கியின் ஆசையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இன்னொரு பொறி. கம்பெனி பாலிசியில் அப்பா அம்மாவைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். வேலையை விட்ட நாளோடு அது முடிந்துவிடும். 65 வயது அப்பாவுக்குச் சர்க்கரை, அழுத்தம் எல்லாம் வந்த பிறகு புதிதாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்க வைக்கலாம். 2024-க்கு முன் அது நான்கு ஆண்டாக இருந்தது. வேலை நன்றாக இருக்கும்போதே தனி பாலிசி எடுத்து அந்தக் காலத்தைக் கழித்துவிட்டால், பின்னால் வேலை மாறும் முடிவை அப்பாவின் சர்க்கரை அளவு தீர்மானிக்காது.

"இத்தனை தலைவலி எதற்கு, கவர்மென்ட் வேலைக்குப் படி" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள், அப்படியும் ஒரு இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல். படிக்கவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, கிராமத்துப் பிள்ளைகள் பலரின் வாழ்க்கையை அந்த ஒரு தேர்வுதான் தூக்கிவிட்டிருக்கிறது. ஆனால் அதன் விலை கோச்சிங் கட்டணம் அல்ல. தனியார் கம்பெனிகள் புதியவர்களை எடுக்கும்போது இந்த ஆண்டு அல்லது போன ஆண்டு முடித்தவர்கள் மட்டும் என்று கோடு போடுகின்றன. மூன்று ஆண்டு தேர்வுக்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். எத்தனை முயற்சி, எந்த மாதம்வரை என்று முதல் நாளே எழுதிவைத்துவிட்டு இறங்குவது நல்லது. முடிந்தால் கூடவே ஒரு சிறிய வேலை. நிரந்தரம் என்று நினைப்பதிலும் மாற்றம் வரத்தான் செய்கிறது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே போனார்கள், அந்தப் போராட்டம் இருபது ஆண்டு தாண்டியும் நீடித்தது. வங்கிகள் 2000-01-ல் விருப்ப ஓய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியபோது வங்கி வேலை முடிந்தது என்றார்கள், 2011-லிருந்து ஐபிபிஎஸ் என்ற அமைப்பு மூலம் எல்லா அரசு வங்கிகளுக்கும் பொதுத் தேர்வு வைத்து மறுபடி ஆள் எடுத்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கையில் கொஞ்சம் இடம் இருப்பவர்களுக்கு. ஆறு மாதச் செலவைச் சேமித்துவை என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் வீட்டின் முதல் பட்டதாரி, மாதம் 22,000 சம்பளத்தில் பத்தாயிரத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, வேளச்சேரியில் நான்கு பேரோடு அறையைப் பகிர்ந்து, கல்விக் கடனையும் கட்டுபவர் எதைச் சேமிப்பார்? திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50% வரி போடும் என்று யார் சொல்லியிருக்க முடியும்? இவர்களுக்குத் தனிமனிதத் திட்டம் ஓரளவுக்குத்தான் உதவும். அரசு பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

இருப்பது மிகக் குறைவு. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் இருக்கும் தொழிலாளி வேலை இழந்தால், அடல் பீமித் வியக்தி கல்யாண் என்ற திட்டத்தின் கீழ் சராசரிக் கூலியில் 50%, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும். 2018-ல் 25% என்று தொடங்கியது, கொரோனா சமயத்தில் 50% ஆக உயர்த்தினார்கள், அவ்வப்போது நீட்டிக்கும் தற்காலிகத் திட்டமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. தகுதி உள்ள பலருக்கு இது இருப்பதே தெரியாது. கம்பெனி கணக்கை முடிக்கும்போது எச்ஆர் சொல்வதும் அரிது, இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நாமே கேட்க வேண்டும். இஎஸ்ஐக்கான சம்பள வரம்பு 2017-லிருந்து மாதம் 21,000 ரூபாய். மேலே சொன்ன 22,000 சம்பளக்காரர் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் அதற்கும் வெளியே நிற்கிறார்.